வருடாந்திர இலவச சிபில் அறிக்கை: யார் பார்த்தார்கள் என்று காட்டும் என்கொயரி பக்கத்துக்காகவே எடுங்கள்

திருப்பூரில் ஆறு தையல் மெஷின் வைத்து பவர் டேபிள் என்னும் தையல் கூடம் நடத்துகிறேன். ஓவர்லாக் ஒன்றும் ஃபிளாட்லாக் ஒன்றும் புதிதாக வாங்க மூன்று லட்சம் கடன் தேவைப்பட்டது. அந்த அலைச்சலில்தான் சிபில் நிறுவனம் இலவசமாகத் தரும் கடன் அறிக்கையை, அதாவது நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை எல்லாம் பதிவாகியிருக்கும் அறிக்கையை, முழுதாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சேவை எப்படி என்று கேட்டால், மிக நல்ல சேவை. ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தில் ஸ்கோர் என்று இருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

டிசம்பரில் எடுத்த அறிக்கையில் ஸ்கோர் 771. ஜனவரியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கடன் ஏஜென்ட் வந்தார். "நாலு இடத்துல போட்டு வைப்போம்க்கா, எது குறைஞ்ச வட்டியோ அதை எடுத்துக்கலாம்" என்றார். ஜவுளி எடுக்கப் போனால் நாலு கடை பார்ப்பதில்லையா, அதுபோல என்று நினைத்துச் சரி என்றேன். அவர் ஓடிபி கேட்கும்போதெல்லாம் படித்துச் சொன்னேன். உங்கள் கடன் அறிக்கை பார்க்கப்பட்டது என்று குறுஞ்செய்திகள் வந்தபடி இருந்தன. விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டேன்.

பிப்ரவரியில் என் கணக்கு இருக்கும் வங்கிக்கே போனேன். மேலாளர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மூணு வாரத்துல ஏழு இடத்துல கடன் கேட்டிருக்கீங்களே? ஒருத்தரும் கொடுக்கலீங்களா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்று இரவே, டிசம்பரில் எடுத்த அதே சிபில் நிறுவனத்தில் அந்த ஆண்டுக்கான இலவச அறிக்கையை எடுத்தேன். ஸ்கோர் 748. இருபத்து மூன்று புள்ளிதான் குறைவு. 300 முதல் 900 வரை போகும் அளவில் அது பெரிய சரிவு இல்லை. தவணைக் கட்டங்களில் எல்லா மாதமும் 000, அதாவது ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. கடைசியில் இருந்த என்கொயரி பகுதியைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. யார் பார்த்தார்கள், எந்தத் தேதி, எதற்கான கடன், எவ்வளவு தொகை என்று ஏழு வரிகள். அதில் ஒன்று ஐந்து லட்சத்துக்குத் தனிநபர் கடன். அப்படி ஒன்றை நான் கேட்கவே இல்லை.

மேலாளரைப் பயமுறுத்தியது 748 இல்லை, இந்த ஏழு வரிகள்தான். நாம் விண்ணப்பம் போட்டு, அதற்காகக் கடன் கொடுப்பவர் நம் அறிக்கையைப் பார்ப்பது ஹார்டு என்கொயரி. குறுகிய காலத்தில் இவை குவிந்தால் பணமுடையில் அலைகிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நம் அறிக்கையை நாமே பார்ப்பது சாஃப்ட் என்கொயரி. அதை எத்தனை முறை செய்தாலும் ஸ்கோர் குறையாது. எங்கள் தெருவில் இன்னமும் "பார்த்தா குறைஞ்சிடும்" என்று பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக் கடன், கார் கடனுக்காகச் சில வாரங்களுக்குள் பல இடங்களில் கேட்டால் ஸ்கோர் கணக்கில் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. அந்த ஊர்க் கணக்கை நம்பி இங்கே நாலு இடத்தில் போடாதீர்கள்.

ஐந்து லட்சம் பற்றித் தளத்திலேயே புகார் பதிந்தேன். அது இலவசம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட உத்தரவு. நம் அறிக்கையை யாராவது பார்த்தால் நமக்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னதும் அதே மாதத்தில்தான். எனக்குக் கெடுவுக்குள் பதில் வந்தது: உங்கள் ஓடிபி சம்மதத்துடன்தான் பார்க்கப்பட்டது. உண்மைதான், படித்துச் சொன்னது நான். அதனால் அந்த வரி அப்படியே இருக்கிறது. காசு கொடுத்தால் என்கொயரியை அழித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். சம்மதத்தோடு நடந்த என்கொயரியை அழிக்க வழி கிடையாது.

எடுப்பது எளிது. பான் எண், பிறந்த தேதி, கைபேசி, மின்னஞ்சல் இருந்தால் போதும். தளத்தில் பணம் கட்டும் திட்டங்களும் இருக்கும், இலவச அறிக்கை என்பதைப் பார்த்து அழுத்துங்கள். என் கையில் வந்தது ஆங்கிலத்தில் இருந்தது. சுருக்கெழுத்துகளைத் தம்பியை உட்கார வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இது தமிழில் கிடைத்தால் எங்கள் தொழிலில் எத்தனையோ பெண்களுக்கு உதவும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிபில் மட்டும் இல்லை, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஜனவரி முதல் டிசம்பருக்குள் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இதுதான் விதி. மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம்.

அப்புறம் ஏழு மாதம் எங்கேயும் கடன் கேட்கவில்லை. செப்டம்பரில் அதே மேலாளரிடம் மட்டும் விண்ணப்பம் கொடுத்தேன். "இப்ப சரியா இருக்குதுங்க" என்றார். ஓவர்லாக் வந்துவிட்டது, ஃபிளாட்லாக் அடுத்த வாரம் வருகிறது. தம்பியும் வீட்டுக் கடன் கேட்கப்போகிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அறிக்கையை எடுக்கிறோம்.