தொகுப்பூதியச் செவிலியரும் நிரந்தரச் செவிலியரும்: யாருடைய சோர்வு கணக்கில் வருகிறது?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒரே வார்டில், ஒரே இரவுப் பணியில் நிற்கும் இரு செவிலியரில் ஒருவர் காலமுறை ஊதியத்திலும் (நிரந்தரப் பணியாளருக்குரிய ஊதிய விகிதம்) மற்றவர் தொகுப்பூதியத்திலும் (நிரந்தரமாக்கப்படாதவருக்குத் தரப்படும் ஒரே மாதத் தொகை) இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வின் வழியாக 2015-இல் வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாகிவிடலாம் என்ற நம்பிக்கை தள்ளிக்கொண்டே போனதால், 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் இறங்கினார்கள். தொகுப்பூதியம் பின்னர் 14,000, 18,000 என்று உயர்ந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்கு மூன்று கூறுகளைச் சொன்னது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசத்தல், செயல்திறன் குறைதல். இவை இரு தரப்பிலும் ஒரே விதமாக வெளிப்படுவதில்லை என்பதே என் கணிப்பு.

தொகுப்பூதியத்தில் இருப்பவர் காய்ச்சலோடும் வேலைக்கு வருவார், கூடுதல் பணி நேரத்தை மறுக்கமாட்டார், கண்காணிப்பாளரிடம் முகம் சுளிக்கமாட்டார். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 இறுதியில் நீட்டிக்கப்படாமல் போனதைக் கண்டவருக்கு, முணுமுணுப்பதுகூட ஆபத்தாகத் தோன்றினால் வியப்பில்லை. ஆகவே ஆற்றல் வற்றிய பிறகும் அவருடைய பணித்திறன் ஏட்டில் நன்றாகவே இருக்கும். ஒருநாள் வேலையை விட்டு நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

நிரந்தரப் பணியாளரிடம் முதலில் தெரிவது கசப்பு. ஈட்டிய விடுப்பும் மருத்துவ விடுப்பும் இருப்பதால் அவர் விடுப்பு எடுக்கிறார், எரிச்சலை வாய்விட்டுச் சொல்கிறார். அதைப் பார்த்து ‘அரசு வேலை வந்ததும் மெத்தனம்’ என்பவர்கள், பதிவேடுகள், மருந்து இருப்புக் கணக்கு, புதிதாக வரும் ஒவ்வொரு தற்காலிகப் பணியாளருக்கும் வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு ஆகியவை அவர் தலையில்தான் விழுகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். (மெத்தனமானவர்களே இல்லை என்று நான் வாதிடவில்லை.)

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நிரந்தரப் பணியையே சொல்வேன். அது சோர்வை ஒழித்துவிடாது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செவிலியர் இல்லாத வார்டில் நிரந்தர ஆணை எவருடைய இரவையும் சுருக்கிவிடாது. ஆனால் அங்கே சோர்வு விடுப்பு விண்ணப்பமாக, புகாராக, இடமாறுதல் கோரிக்கையாக மேசைக்கு வந்து சேர்கிறது. விடுப்பே எடுக்காத தொகுப்பூதியப் பணியாளரின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து மகிழும் நிர்வாகத்தின் மேசைக்கோ எதுவும் வருவதில்லை.