தருமபுரி ஸ்கேன் மையம்: படம் எடுப்பதில் வேகம், எடுத்துச் சொல்வதில் குறை

பக்கவாத நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கும் மையத்தை எடைபோட முதல் அளவுகோல், நோயாளி வாசலில் இறங்கியதிலிருந்து படம் மருத்துவரின் கைக்குப் போய்ச் சேரும் வரை ஆகும் நேரம். வாய் கோணி, வலது கையைத் தூக்க முடியாமல் போன என் பெரியப்பாவைப் பென்னாகரம் பக்கத்துக் கிளினிக்கில் காட்டியபோது, அங்கிருந்த மருத்துவர் எழுதிக் கொடுத்து அனுப்பிய தருமபுரி தனியார் மையம் அந்த அளவில் நன்றாகவே தேறியது. இரவாகியும் டெக்னீஷியன் பணியில் இருந்தார். பணம் கட்டிவிட்டு வரச் சொல்லாமல், ஸ்ட்ரெச்சரிலிருந்து நேராக மேசைக்கு மாற்றி, காதிலிருந்த கடுக்கனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தலை அசையாதபடி பட்டை போட்டு, சில நிமிடங்களில் சிடி ஸ்கேன் எடுத்து முடித்தார்கள். "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று செவிலியர் கேட்டுச் சீட்டின் மேலேயே குறித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு.

பக்கவாதத்தில் பெரும்பாலானவை ரத்தக்குழாய் அடைப்பால் வருகின்றன, மற்றவை ரத்தக்கசிவால். வெளியே தெரியும் அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. கசிவு உள்ளவருக்கு அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. புதிதாகக் கசிந்த ரத்தம் சிடி படத்தில் வெள்ளையாகத் தெரிந்துவிடும் என்பதால்தான் ஊசிக்கு முன்னால் ஸ்கேன். பிரிட்டிஷ் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சிடி கருவியில் 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு மூளைப் படம் எடுக்கப்படும் வரை, மண்டையைத் திறக்காமல் இதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க வழியே இருக்கவில்லை.

என் வருத்தம் கவுன்டரில் தொடங்குகிறது. ரிப்போர்ட்டைக் கொடுத்தவர், "நார்மல்தான், ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் பெரியப்பா மகன், "அப்படியானால் வீட்டுக்கே கூட்டிப் போய்விடலாமா?" என்று என்னிடம் கேட்டார். அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சாதாரண சிடி பெரும்பாலும் மாற்றம் எதையும் காட்டாது. அந்த நிலையில் "நார்மல்" என்றால் கசிவு இல்லை என்று மட்டுமே பொருள், அதாவது ஊசிக்கு வழி இருக்கிறது, உடனே ஓட வேண்டும் என்று பொருள். நல்லவேளையாக, ஸ்கேன் படத்தைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட், அதை விளக்கத்தோடு கிளினிக் மருத்துவரின் செல்பேசிக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கிளினிக் மருத்துவர் எங்களை அழைத்து, தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அங்கே ஊசி போட்டார்கள். மருத்துவருக்குப் போன அந்த விளக்கத்தில் ஒரு வரியாவது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்கும் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோவும் எம்ஆர்ஐயும் இங்கே இரவில் இல்லை. அடைப்பால் மூளைக்கு வந்த பாதிப்பை, அது தொடங்கிய சில நிமிடங்களிலேயே காட்டக்கூடியது எம்ஆர்ஐயின் டிஃப்யூஷன் படம். பெரிய குழாய் அடைபட்டிருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை உண்டு. 2018-ல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு, மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருப்பதாகப் படம் காட்டும் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள். யாரைத் தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலத்துக்கோ, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கோ அனுப்பலாம் என்று முடிவெடுக்க ஆஞ்சியோ படம் வேண்டும். பகலில் மட்டும் அது கிடைத்தால் போதாது.

கட்டணத்தில் ஒளிவுமறைவு இல்லை. பில் கேட்காமலே தந்தார்கள். ஃபிலிம் உடனே கிடைத்தது, ஆனால் படங்கள் பதிந்த குறுந்தட்டை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மேல் சிகிச்சைக்குப் போகிற இடத்தில் முழுப் படங்களையும் கணினியில் பார்க்க அந்தத் தட்டு தேவைப்படும். கையோடு கேட்டு வாங்குங்கள்.

தலைவலி, பழைய பக்கவாதத்துக்கான மறுபரிசோதனை போன்றவற்றுக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். திடீரென்று முகம் கோணி, பேச்சுக் குழறினால், தனி மையம் எதற்கும் போகாமல், ஸ்கேனும் ஊசியும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனைக்கு 108-ல் நேராகப் போய்விடுங்கள்.