பாலக்காட்டில் தமிழ்ச் சுவரொட்டி அச்சிடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சித்தூர் தாலுகாவில் படிக்கும் தமிழ் மாணவர்களே, விழாக் குழுவில் இருந்தால் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பாலக்காடு நகரில் ஒரு வடிவமைப்புக் கடை எங்கள் கல்லூரிப் பொங்கல் சந்திப்பின் சுவரொட்டியைப் பாழாக்கியது. பணத்தையும் திருப்பித் தர மறுக்கிறது. நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை.

தமிழும் மலையாளமும் கலந்த ஏ3 சுவரொட்டிகள், வாசலில் கட்ட ஒரு பருத்தித் துணிப் பதாகை: இவ்வளவுதான் வேலை. அச்சிடும் முன் மாதிரியைக் காட்டி ஒப்புதல் வாங்குவதாக உரிமையாளர் வாக்குக் கொடுத்து, 3,000 ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டார். மாதிரி வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் "நாளைக்கு அனுப்புகிறேன்" என்றார். கடைசியில் வந்தது அச்சான கட்டு.

மலையாளத்தில் ஒரு பழுதும் இல்லை. தமிழ்தான் சிதைந்து கிடந்தது. 'பொங்கல்' என்பதில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'மேடை'யில் இரண்டு எழுத்துமே உடைந்திருந்தன. பொங்கல் பானைப் படத்தின் குறுக்கே, அதை விற்கும் இணையதளத்தின் நீர்க்குறி மங்கலாகத் தெரிந்தது. காட்டிக் கேட்டோம். "தமிழ்தானே, பார்த்தால் புரிந்துவிடும்" என்றார். பணம் போனதைவிட இந்தச் சொல்தான் சுட்டது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் தங்கள் விழாவிலாவது பிழையில்லாத தமிழைச் சுவரில் பார்க்க விரும்புவது அதிகப்படியான ஆசையா?

இந்தக் கோளாறு ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள பல கடைகளில் மலையாளத்தைப் பழைய எழுத்துருவில் தனியாகத் தட்டச்சு செய்கிறார்கள். தமிழை மட்டும் நாம் அனுப்பும் யூனிகோட் (கைபேசியிலும் இணையத்திலும் புழங்கும் பொதுக் குறியீடு) வரிகளிலிருந்து எடுத்து ஃபோட்டோஷாப்பில் ஒட்டுகிறார்கள். அந்த மென்பொருளின் பழைய பதிப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்ற அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்புகள் இடம் மாறிவிடும். சில நொடிகளில் சரிசெய்யக்கூடிய இந்த வேலையைச் செய்ய அவருக்கு மனமில்லை.

பதாகையிலும் ஏமாற்றினார். துணிக்குப் பணம் வாங்கிக்கொண்டு பி.வி.சி. ஃப்ளெக்ஸ் என்ற பிளாஸ்டிக் விரிப்பில் அடித்துக் கொடுத்தார். கேரள அரசு 2019-லேயே அதைத் தடை செய்துவிட்டது. கல்லூரி அலுவலகம் கட்டவே விடவில்லை. வேறு கடையில் திருத்திக்கொள்ள மூலக் கோப்பைக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமாம். வாட்ஸாப்பில் சுருங்கிய ஒரு படத்தை அனுப்பிவைத்தார். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ3 அச்சுக்கு 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும்; அந்தப் படம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆகவே பணம் கொடுக்கும் முன்னரே 'பொங்கல் மேடை' என்று அவர்கள் கணினியில் ஒட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள். மாதிரிக்கு ஒப்புதல், மூலக் கோப்பு, பதாகையின் துணி வகை மூன்றும் ரசீதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி மனுக் கொடுக்கலாம். பாலக்காட்டில் இதேபோல் பணம் இழந்த விழாக் குழுக்கள் ரசீதுடன் வந்தால் எங்கள் மனுவோடு சேர்ந்து நிற்கலாம்.