ஹாலப்பீனோ கேண்டி: மூணு வருஷமா பண்றேன், காரம் மட்டும் இன்னும் பிடிபடல

போன வாரம் வீட்டுக்கு வந்த ஃப்ரெண்ட் ஒருத்தி ஃப்ரிட்ஜ்ல இருந்த பாட்டிலை பாதி காலி பண்ணிட்டு "இதை நானும் பண்ணலாமாடி"ன்னு கேட்டா, அதுக்குத்தான் இது. ஹாலப்பீனோங்கற குண்டு பச்சைமிளகாயை நறுக்கி சர்க்கரை வினிகர் பாகுல ஊறப் போடுறது, இங்க டெக்சஸ்ல கவ்பாய் கேண்டின்னு சொல்வாங்க, ரெசிபி எங்க தேடினாலும் கிடைக்கும். நான் போடுறது 3 பவுண்டு ஹாலப்பீனோவுக்கு 6 கப் சர்க்கரை, 2 கப் ஆப்பிள் சைடர் வினிகர், மஞ்சத்தூள், பூண்டுப் பொடி, கொஞ்சம் செலரி விதை. இனிப்பு ஜாஸ்தின்னு சர்க்கரையில கை வைக்கணும்னு தோணும், வினிகர்ல மட்டும் வைக்காதீங்க, அந்த 5 சதவீத புளிப்புதான் பாட்டிலைக் கெடாம காக்குது.

எனக்கு இருக்கற ஒரே தீராத கடுப்பு காரம். ஒரே கடை, ஒரே கூடை, ஒரே நாள்ல வாங்கினது, ஒரு துண்டு குடமிளகாய் மாதிரி சப்புனு இருக்கும், அடுத்த துண்டு கண்ணுல தண்ணி வர வைக்கும். ஹாலப்பீனோவோட காரமே 2,500ல இருந்து 8,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கற அலகு) வரைக்கும்னு போடுறாங்க, அதாவது மூணு மடங்குக்கு மேல வித்தியாசம், இதை வச்சுக்கிட்டு எப்படிங்க ஒரே மாதிரி பண்றது? போதாததுக்கு காரமே பெருசா இல்லாத டாம் மைல்ட்னு ஒரு ரகத்தை இங்க டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டியிலயே உருவாக்கியிருக்காங்க, கடையில எந்த ரகம்னு எழுதியும் வைக்க மாட்டாங்க. விதையை எடுத்தா காரம் போயிடும்னு ஆளாளுக்கு சொல்றாங்க, அது தப்பு, காரம் இருக்கறது விதை ஒட்டியிருக்கற அந்த வெள்ளை நரம்புல. முதல் வருஷம் முழுக்க உக்காந்து விதை மட்டும் பொறுக்கினேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. இப்பல்லாம் நாலஞ்சு காயில காம்புப் பக்கம் ஒரு துண்டு கடிச்சுப் பாத்துட்டுதான் நறுக்கவே ஆரம்பிக்கறேன், அப்பவும் பாதி தடவை ஏமாத்திடுது.

நியாயமா சொல்லணும்னா மத்ததெல்லாம் நல்லா வருது. துண்டு பாகுல நாலு நிமிஷத்துக்கு மேல கொதிக்கக் கூடாது, விட்டா வத்தி தோல் மாதிரி ஆயிடும், கரண்டியால அள்ளி பாட்டில்ல போட்டுட்டு பாகை மட்டும் தனியா இன்னும் ஆறு நிமிஷம் கொதிக்க விடணும். தேன் மாதிரி வந்தா போதும், கம்பிப் பதம் வரைக்கும் போகாதீங்க. அப்புறம் ரெண்டு வாரம் தொடாம இருக்கணும், அந்தப் பொறுமைதான் கஷ்டம்.

ஆனா அந்த மிச்சப் பாகு இருக்கே! தயிர்சாதத்துல ஒரு ஸ்பூன் ஊத்திச் சாப்பிட்டுப் பாருங்க, புளிப்பு இனிப்பு காரம் மூணும் சேந்து, ஊறுகாயே வேண்டாம். கோழி வறுக்கும்போது கடைசியில தடவினா பளபளன்னு வரும். பாகுக்காகவே பண்ணலாம்னு எத்தனையோ தடவை வீட்டுல சொல்லியிருக்கேன்.

நேத்து புது பேட்ச் போட்டேன், கிளவுஸ் தீந்துபோச்சுன்னு வெறுங்கையால நறுக்கினேன், அந்தக் காரம் தண்ணில கரையாதே, எண்ணெய் தேச்சு சோப்பு போட்டும் இன்னிக்கு வரைக்கும் விரல் எரியுது, வினிகர் ஆவில பையன் வேற ராத்திரி பூரா இருமினான். இத்தனைக்கும் காய் சப்புனு இருக்கு. அந்த ஃப்ரெண்ட்கிட்ட வேண்டாம்டி பண்ணாதேன்னு சொல்லிட்டேன், போன பேட்ச்ல மிச்சம் இருந்த ரெண்டு பாட்டிலையும் எடுத்துக் குடுத்து அனுப்பிட்டேன்.