தண்டையார்பேட்டை காலிப்பர் பட்டறை: வேலை சுத்தம், படிதான் தொல்லை

போலியோ வந்துபோய் முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கால் மறுபடி தளரும்போது, காலைத் தாங்கப் பட்டையும் கம்பியும் வைத்துக் கட்டும் பழைய காலிப்பரையே இறுக்கிக் கட்டுவது தப்பு. இங்கே அது தெரிந்து வேலை செய்கிறார்கள். முதலில், நிற்கும்போது முட்டி மடங்காமல் பிடிக்கும் லாக்கைப் பார்க்கிறார்கள். அதன் வளையம் தேய்ந்திருந்தால் நடக்கும்போதே மடங்கி ஆளைத் தள்ளிவிடும். இரும்புப் பட்டையை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டால் எடை குறையும், தளர்ந்த தசைக்கு அதுவே பாதி நிம்மதி. தொடைப்பட்டைத் தோலை வேர்வை அரித்துவிடும், உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்!

வாசல் பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஊன்றுகோலின் ரப்பர் முனை வழவழப்பானதும் மாற்றணும், களைப்பு வந்தபின் அல்ல, வருமுன்னே உட்காரணும் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். வாசலில் இரண்டு படி, பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. காலிப்பர் கடைக்கு இது அநியாயம்.