இசைத்தட்டா, வீட்டுக் கேசட்டா: எதை வைத்துக்கொள்வது?

சென்ற ஆண்டு காரைக்குடியில் எங்கள் பங்கு வீட்டைப் பழுது பார்த்தபோது, இரண்டாங்கட்டு அறையிலிருந்து இரண்டு பெட்டிகள் வெளிவந்தன. ஒன்றில் ஐயா காலத்து, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளும் 1980களில் வாங்கிய கம்பெனிக் கேசட்டுகளும் இருந்தன. மற்றொன்றில், சிங்கப்பூரிலிருந்து வந்த டேப் ரெக்கார்டரில் வீட்டார் தாமே பதிவு செய்த 38 கேசட்டுகள். அலமாரியில் ஒரு பெட்டிக்குத்தான் இடம். நான் இரண்டாவதை வைத்துக்கொண்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒலித்தரத்தில் கம்பெனிப் பதிவே மேல் என்பதில் வாதம் இல்லை. விற்பனையிலும் அப்படித்தான்: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இசைத்தட்டுக்கு விலை சொல்வார்கள், பேனாவால் பெயர் எழுதிய கேசட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி இசைத்தட்டு விற்ற, ஏவிஎம் படநிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பன் பிறந்த ஊரில் இருந்துகொண்டு அந்தத் தொழிலை நான் இளக்காரமாகப் பேசவும் முடியாது.

ஆனால், பத்தங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியில், ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே போகிற பாட்டை மூன்று நிமிடத்தில் நறுக்கினால் அது வேறொன்றாகிவிடும். பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் சி-90 கேசட்டில் அது மூச்சு வாங்கும் ஓசையோடும், நடுவில் தொண்டை கட்டிய ஒருவர் தண்ணீர் கேட்கும் குரலோடும் முழுதாக இருக்கிறது. இன்னொன்றில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, தாலாட்டுப் பாடுகிறார். மாமன் சீர் வரிசையைச் சொல்லி வருகையில் தொட்டில் சங்கிலி கிறீச்சிட, ஓர் அடி தப்பி, சிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். எந்தக் கம்பெனியும் அந்தச் சிரிப்பை வெட்டியிருக்கும்.

இவ்வளவும் பாசம்தானே என்று கேட்டால், என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கம்பெனிப் பதிவு ஆயிரக்கணக்கில் அச்சானது. என் தட்டில் கீறல் விழுந்தால் வேறொருவர் வீட்டில் நல்ல தட்டு இருக்கும், அல்லது யாரேனும் அதைக் கணினியில் ஏற்றியிருப்பார். வீட்டுக் கேசட்டுக்கு வேறு பிரதி கிடையாது. ஐப்பசி ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்கிறது. உள்ளே ஒலித்தலையோடு நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு பசை காய்ந்து உதிர்கிறது. ஆண்டுக்கணக்கில் சுற்றியபடியே கிடந்தால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மெல்லப் படிந்து, பாடுபவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் குரலின் நிழல் கேட்கிறது. பணமும் நேரமும் அளவாக இருக்கையில், அவற்றை மாற்றுப் பிரதி இல்லாத பொருளுக்குச் செலவிடுவதே முறை என்று எனக்குப் பட்டது.

பழுது பார்ப்பதும் எதிர்பார்த்ததைவிட எளிது. என் பெட்டியில் இருந்த, வெற்றாக வாங்கி வீட்டில் பதிவு செய்த கேசட்டுகள் பெரும்பாலும் ஐந்து திருகாணி போட்டவை. கழற்றி நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். கம்பெனிக் கேசட்டுகளில் பலவற்றின் கூடு ஒட்டப்பட்டிருந்ததால் உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. மெல்லிய நாடா கொண்ட சி-120 மட்டும் இரண்டு முறை சிக்கி என் பொறுமையைச் சோதித்தது. குரோம் பூச்சுள்ள நாடாவை நான் கையாண்டதில்லை, நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டுகளிலும் அனுபவம் குறைவு என்பதால், அவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டையும் பிரிக்க முடியாத கேசட் ஒன்றும் கிடைத்தது. மேலே வேறெதுவும் பதிந்து அழித்துவிடாதபடி மேல்விளிம்புத் துளை திறந்தே வரும் கம்பெனிக் கேசட்டில், யாரோ அந்தத் துளைமேல் செல்லோடேப் ஒட்டிக் காவடிப் பாட்டைப் பதிந்திருக்கிறார்கள். பாட்டு பாதி அடியில் நிற்க, டக்கென்ற ஓசைக்குப் பின் பழைய சினிமாப் பாட்டு நடுவிலிருந்து தொடர்கிறது. கணினியில் ஏற்றும்போது அந்தப் பாட்டையும் நான் வெட்டவில்லை. தட்டுகள் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயின. கிடைத்த பணத்தில் பாதி, கேசட்டை ஓட்டும் பழைய டெக்குக்குப் புது பெல்ட் போடவே சரியாகிவிட்டது.