மூன்று பாக்கெட் அபூர்வ வெள்ளரி: ஊட்டிக்கு ஒன்று, குன்னூருக்கு இரண்டு

அச்சோச்சா, குக்காமெலன், கிவானோ என்று மூன்று விதைப் பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி அஞ்சலில் அனுப்புகிறார்கள். விதையில் பெரிய குறையில்லை. கோளாறு உறையின் பின்பக்கத்தில்தான். 'ஜூன், ஜூலையில் நேரடியாக விதைக்கவும்' என்பது சமவெளிக் கணக்கு. ஊட்டியில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். தப்பி முளைத்ததை நத்தை தின்னும்.

மலைக்கு இப்படிச் செய்யலாம். பிப்ரவரிக் கடைசியில் தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து குழித்தட்டில் அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். தட்டு வீட்டுக்குள், அடுப்படி ஓரத்தில் இருக்கட்டும். முளைத்ததும் வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாற்றாவிட்டால் நாற்று வெளிறி நீண்டு ஒடியும். நான்கு இலை விட்டதும், உறைபனி பயம் நீங்கிய ஏப்ரலில் நடலாம். மலை மண் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை கொண்டது. நடுவதற்கு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் (சுண்ணாம்பு வகைப் பாறைத்தூள்) கலந்துவிட வேண்டும்.

மூன்றில் காசுக்கு மதிப்பானது அச்சோச்சாதான். ஆண்டீஸ் மலைக்கொடி, குளிர் இதற்குப் பழக்கம். நேபாளத்திலும் டார்ஜிலிங்கிலும் 'பரேலா' என்று சாதாரணமாகச் சமைக்கும் காய். கறுத்து, மரப்பட்டைச் சில்லு போல இருக்கும் விதையைப் பார்த்துக் குப்பையென்று கொட்டிவிடாதீர்கள். கொடி 12 அடிக்கு மேல் ஓடும், ஆகவே செடிக்குச் செடி மூன்றடி விட்டு, மேரக்காய்க்கு (சௌசௌ) போடுவது போலவே ஆறடிப் பந்தல் போடுங்கள். வேலியில் விட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் காய். ஆண், பெண் பூக்கள் ஒரே கொடியில் வரும்; சிறு ஈக்களே மகரந்தம் சுமக்கும். அதனால் பூச்சிமருந்து அடித்தால் காய்ப்பும் போச்சு. கொடி தழைத்தும் பூக்கவில்லையா? பெரும்பாலும் யூரியாவோ பச்சைச் சாணமோ அதிகமாகியிருக்கும். விதைத்து மூன்று, மூன்றரை மாதத்தில் காய் வரும். இரண்டு அங்குலத்தில் பறித்தால் வெள்ளரி மாதிரி பச்சையாகவே தின்னலாம். முற்றினால் உள்ளே வெறும் கூடு. கருவிதையை எடுத்துவிட்டு, உருளைக்கிழங்கு மசாலாவை அடைத்து வதக்கினால் குடைமிளகாய்க்கு மாற்று.

குக்காமெலன் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கொடி. திராட்சை அளவு, தர்பூசணிக் கோடு, லேசான புளிப்பு. இலை நம் முசுமுசுக்கை போலவே இருப்பதால் களையென்று பிடுங்கிவிடும் ஆபத்து உண்டு. (தாவரவியலாரும் முசுமுசுக்கையை ஒரு காலத்தில் இதே மெலோத்ரியா பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள்.) முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகலாம், அதற்குள் தட்டைக் கவிழ்க்க வேண்டாம். குன்னூர், கோத்தகிரி, தாண்டிக்குடி உயரத்தில் தேறும். ஊட்டி, கொடைக்கானல் நகரத்தில் கண்ணாடி அல்லது பாலித்தீன் கூரை இல்லாமல் காய்ப்பது அரிது. பனி விழுமுன் வேர்க்கிழங்கைத் தோண்டி, லேசான ஈரமுள்ள மணலில் வைத்தால் அடுத்த மார்ச்சில் மறுபடி நடலாம். விதையில் வந்ததைவிடச் சீக்கிரம் காய்க்கும். உறையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கிவானோ ஆப்பிரிக்க வெயில் கொடி. 20 டிகிரிக்குக் கீழே முளைப்பே மந்தம். முள்ளுக்காய் மஞ்சளாகப் பழுக்க நீண்ட வெப்பம் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் உறவினர் இருந்தால் அந்தப் பாக்கெட்டை அங்கே அனுப்பிவிடுங்கள்.

அச்சோச்சாவைத் தனியாக விற்பதில்லை என்பது எரிச்சல்தான். ஆனால் ஒருமுறை வாங்கினால் போதும்: மஞ்சளாகிக் கொடியிலேயே முற்றிய இரண்டு காயின் விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும், கேட்பவர்களுக்குக் கொடுக்கவும் மிஞ்சும்.